ரோல் கேஜ் போட்ட காரை வீதியில் ஓட்டினால் குற்றமா?

கேள்வி: கொக்குவிலில் இருக்கிறேன். பழைய ஹொண்டா சிவிக் ஒன்று வைத்திருக்கிறேன். நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டியில் ஓடும் ஆசையில் பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டு ரோல் கேஜ் (காருக்குள் பூட்டும் இரும்புக் குழாய்க் கூடு) வெல்ட் பண்ணினேன். வேலைக்குப் போய் வருவதும் அதே காரில்தான். போன கிழமை மருதனார்மடத்தில் பொலிஸார் மறித்து வழக்கு எழுதிவிட்டார்கள். பாதுகாப்புக்குப் போட்ட கம்பிக்கு வழக்கா? காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

பதில்: உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் பிரச்சினை கம்பியில் இல்லை, அனுமதி எடுக்காததில்தான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவான ஒரு வாகனத்தை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. பதிவுச் சான்றிதழில் ஆசன எண்ணிக்கையும் வெற்று எடையும் இருக்கும். நீங்கள் இரண்டையும் மாற்றியிருக்கிறீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரிடம் காரைக் காட்டி, அனுமதி கிடைத்தால் சான்றிதழைத் திருத்தியிருக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து அனுமதியில்லாத பொருத்துகளைப் பொலிஸார் நாடு முழுக்கத் தேடிப் பிடித்தார்கள், தெரியும்தானே.

“பாதுகாப்புக்குத்தான் போட்டேன்” என்று மன்றில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். கார் உருளும்போது கூரை நசுங்காமல் தாங்குவதுதான் கேஜின் வேலை. போட்டியில் ஓட்டுநரின் தலையில் ஹெல்மெட் இருக்கும், உடலைப் பல முனைப் பெல்ட் பக்கெட் சீட்டோடு இறுக்கிப் பிடித்திருக்கும். வேலைக்குப் போகும்போது உங்கள் தலையில் ஒன்றுமில்லை. சாதாரண மூன்று முனைப் பெல்ட்டில் உடல் முன்னாலும் பக்கவாட்டிலும் அசையும். அப்போது தலைக்குப் பக்கத்தில் இருப்பது இரும்புக் குழாய். கேஜ் இல்லாத காரில் வீக்கத்தோடு போகிற ஒரு மோதல், இதில் மண்டை உடைவதில் முடியலாம். தலை படக்கூடிய இடங்களில் போட்டிக்காரர்கள் சுற்றும் மெத்தையும் ஹெல்மெட்டை நினைத்துச் செய்த கடினமான பொருள்தான். பரிசோதகர் இதையே சொன்னால் உங்கள் வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

குழாய் எது என்று நீங்கள் எழுதவில்லை. கார்ப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் (FIA), வெல்ட் இணைப்பில்லாத, குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாயைக் கேட்கிறது. ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும், அல்லது 50 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் வேண்டும். தரையில் ஊன்றும் இடங்களில் குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பான தகடு வேண்டும். கேற் அடிக்கிற ஜி.ஐ. பைப்பில் செய்திருந்தால் வீதிக்கும் உதவாது, போட்டிக்கு முந்திய பரிசோதனையிலும் பெரும்பாலும் நிற்காது. செய்த கராஜிடம் குழாயின் அளவையும் தரத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

காப்புறுதிக்குக் கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் எழுத்தில். காப்புறுதி ஒப்பந்தத்தில் முக்கிய விபரம் எதையும் மறைக்கக் கூடாது. சொல்லாமல் இருந்து விபத்து நடந்தால், முழுக் காப்புறுதி இருந்தாலும் உங்கள் கார்ச் சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். அடிபட்ட மூன்றாம் நபருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கவும் கூடும். போட்டியில் நடக்கும் சேதத்தை வழக்கமான காப்புறுதிகள் ஏற்கனவே விலக்கி வைத்திருக்கின்றன; உங்களுடையதை எடுத்து அந்தப் பந்தியை வாசியுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் காரைப் போட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நுவரெலியாவுக்குக் கார் ஏற்றும் கரியரில் ஏற்றிக்கொண்டு போங்கள். வேலைக்கு மோட்டார் சைக்கிள் போதும். இல்லை, வீதியிலும் ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் கேஜை வெட்டி எடுத்து ஆசனத்தைப் பழையபடி பூட்டுங்கள். கேஜை விட்டுவிட்டு ஆசனத்தை மட்டும் பூட்டுவது எல்லாவற்றிலும் மோசம். பின்னால் இருப்பவர்களின் முகத்துக்கு நேரே குழாய் நிற்கும்.

எதையும் வெட்டுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பொலிஸார் தந்த பத்திரத்தில் என்ன குற்றம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆசனம், எடை, அனுமதியில்லாத மாற்றம் என்று தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். மல்லாகம் நீதவான் நீதிமன்றத் தவணைக்கு முன்பே கச்சேரியிலுள்ள (மாவட்டச் செயலகம்) மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, அந்தப் பற்றுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், திருத்த வேலை தொடங்கிவிட்டது என்று காட்டினால் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம்.