கிரில் பட்டறையிலேயே வெல்டிங் கற்றுக்கொண்டால் போதாதா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பத்தாவது பாஸ். ஒரு வருடமாக எங்கள் ஊர் கிரில் பட்டறையில் ஹெல்பராக இருக்கிறான். வெல்டிங்கையே தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். ஐ.டி.ஐ.க்குப் போய் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம், இங்கேயே கற்றுக்கொள்ளட்டும் என்கிறார் பட்டறை முதலாளி. ஒன்றரை லட்சம் கட்டினால் சவுதிக்கு அனுப்புகிறேன் என்கிறார் தெரிந்த ஏஜென்ட் ஒருவர். போன வாரம் ஒரு ராத்திரி முழுக்கக் கண் எரிச்சலில் துடித்துப்போனான். இந்த வேலையில் அவனை விடலாமா?
– ஒரு தாய், அறந்தாங்கி

பதில்: முதலில் கண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம் அம்மா. உங்கள் மகனுக்கு வந்தது வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டதால் வரும் வலி. வெயிலில் தோல் கன்றிப்போவதுபோலத்தான். சுடும்போது தெரியாது, பல மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் அறுக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் தாய்ப்பால் விடுவது, மருந்துக்கடையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டே இருப்பது இரண்டும் கூடாது. கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இது வெல்டரைவிட ஹெல்பருக்குத்தான் அதிகம் வரும். வெல்டர் முகத்துக்கு ஷீல்டு பிடித்திருப்பார். ஹெல்பரோ டேக் அடிக்கும்போது (துண்டுகள் நகராமல் அங்கங்கே புள்ளியாக ஒட்டும்போது) கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பான். ஒளி பக்கவாட்டில் வரும், பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. அவனுக்கென்று தனி ஷீல்டு, அதில் 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். ஸ்லாக் (வெல்டின் மேல் படியும் ஓடு) தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி. இதை வாங்கித் தராத பட்டறையில் ஒரு நாள்கூட அவன் நிற்க வேண்டாம்.

சரி, தொழிலுக்கு வருவோம்.

பட்டறை முதலாளி சொல்வதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். அளவெடுப்பது, மூலை மட்டம் பார்ப்பது, சூட்டில் பிரேம் முறுக்கிக்கொள்ளாமல் எந்த வரிசையில் டேக் அடிப்பது என்பதெல்லாம் பட்டறையில்தான் கைக்கு வரும். ஆனால் கிரில்லுக்கு ஒட்டினால் போதும். மேலே கிரைண்டிங் போட்டு, பெயிண்ட் அடித்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பாய்லர், உயர் அழுத்தக் குழாய், கப்பல் வேலைகளில் அந்த உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் நல்ல காசு அந்த எக்ஸ்ரேக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கிரில் பட்டறையில் பத்து வருடம் இருந்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டுவது கஷ்டம்.

ஒரு சின்ன உதாரணம். பட்டறையில் 6013 ராடு (சாதாரண வேலைக்கான வெல்டிங் குச்சி) பாக்கெட்டைப் பிரித்து, ஈரத் தரையில் போட்டு வைத்திருப்பார்கள்; அதுவும் எரியத்தான் செய்கிறது. பாய்லர் வேலையில் ஓடும் 7018 ராடை அப்படிப் போட முடியாது. அதன் மேல்பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடவைக்கும். அதனால் அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் சுட்டு, சூடு ஆறாத சின்னப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார்கள். 25 வருடமாகத் திருச்சிப் பக்கம் வெல்டிங் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பட்டறையிலிருந்து நேராக வரும் பையன்களிடம் கை நன்றாகத்தான் ஓடும். இந்தப் பழக்கம்தான் இருக்காது, இதிலேயே தோற்றுப்போவார்கள்.

ஆகவே ஐ.டி.ஐ. போகட்டும். வெல்டர் டிரேடு ஒரே வருடம்தான்; எட்டாவது பாஸே போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாகக் கிடைக்கும். விண்ணப்பம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி ஆன்லைனில் வரும். தனியார் ஐ.டி.ஐ. என்றால் சேர்க்கும் முன் நேரில் போய், வெல்டிங் கூடத்துக்குப் பின்னால் கழிவு இரும்பு எவ்வளவு கிடக்கிறது என்று பாருங்கள். பையன்கள் நிஜமாகவே பழகினால், அறுத்துப் போட்ட பிளேட்டும் எரிந்த ராடுத் துண்டும் மலையாகக் கிடக்கும். கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தால் யோசியுங்கள்.

அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் அப்ரண்டிஸ் கதவு திறக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் (பி.எச்.இ.எல்., பாய்லர் செய்யும் மத்திய அரசு ஆலை) போன்ற இடங்களில் வெல்டர் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். வயது வரம்பு உண்டு. 19 வயதில் இப்போது போனால்தான் கணக்கு சரியாக வரும். அதை முடித்தால் நிரந்தர வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், ஆனால் அங்கே பார்க்கும் வேலை முறை வாழ்நாளுக்கும் உதவும். திருச்சியிலேயே பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன.

அப்புறம் அவன் குறிவைக்க வேண்டியது 6ஜி டெஸ்ட். குழாயை 45 டிகிரி சாய்வில் நிறுத்திவைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் சுற்றி வரவேண்டும். அடியில் மல்லாந்து தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, உச்சியில் முடித்து, மறுபடி கீழே வந்து அடுத்த பாதி. இரண்டு குழாய்க்கும் நடுவே மூன்று மில்லி அளவு இடைவெளி. முதல் ஓட்டமான ரூட்டை டிக் முறையில் (ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி), ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் போடுவார்கள். உருகிய இரும்பு உள்பக்கம் மெல்லிய வரப்பாக எழ வேண்டும். கொஞ்சம் நின்றுவிட்டால் ஓட்டை விழும். அவசரப்பட்டால் ஓரம் ஒட்டாமல் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. ரூட் சரியாக விழும்போது வெல்டரின் தோள் தளர்வதை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். டிக்கில் பாஸ் செய்தவன் ராடு வெல்டிங்குக்குத் தனியாகப் பாஸ் செய்ய வேண்டும். உலகம் முழுக்கப் பின்பற்றும் அஸ்மி (ASME, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி, ஒரு முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். பாய்லர் வேலைக்கு ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) சான்றிதழ் வேறு.

சம்பளம்? நான் பார்க்கிற இடங்களில் கிரில் பட்டறை ஹெல்பருக்கு நாள் கூலி 500, 600 ரூபாய். கை தேர்ந்தவருக்கு 900 முதல் 1,200 வரை. 6ஜி பாஸ் செய்த டிக் வெல்டருக்கு 1,500க்கு மேல் கேட்டு வாங்க முடிகிறது. ஆலைகளைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில் இன்னும் கூடும், சாப்பாடும் தங்குமிடமும் சேர்ந்து. குழாய் வேலையில் ‘இன்ச் டயா’ கணக்கும் உண்டு: நான்கு அங்குலக் குழாயில் ஒரு ஜாயிண்ட் போட்டால் நான்கு இன்ச் டயா. சோதனையில் குறை தெரிந்து ரிப்பேர் வந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி போடும் நேரத்துக்குக் காசு இருக்காது. அதனால் வேகத்தைவிடச் சுத்தம்தான் சம்பாதித்துக் கொடுக்கும். வேலை வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்பதும் உண்மை. பாய்லர் ஆர்டர் குறைந்த வருடங்களில் திருச்சியின் சிறு பேப்ரிகேஷன் தொழிற்கூடங்கள் எவ்வளவு தவித்தன என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். கார் ஆலைகளில் ஸ்பாட் வெல்டிங்கை ரோபோ எடுத்துக்கொண்டது. ஆனால் சுவரோரம், தரையோரம், ஆள் நுழைய இடமில்லாத மூலையில் ஓடும் குழாய்க்கு இன்னும் மனிதக் கைதான் வேண்டும்.

சவுதி ஏஜென்டுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. விசாவில் வெல்டர் என்று இருக்கிறதா, வெறும் லேபர் என்றா என்று பாருங்கள். விசிட் விசாவில் அனுப்புகிறேன் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஹெல்பராகப் போய் அங்கே வெல்டர் ஆகிவிடலாம் என்பது எனக்குத் தெரிந்த பல பையன்களுக்கு நடக்கவே இல்லை. 6ஜி பாஸ் செய்துவிட்டுப் போனால் பேரம் பேசும் இடத்தில் அவன் இருப்பான்.

கடைசியாக, புகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. ஜி.ஐ. பைப்பில் வெல்டு அடித்த ராத்திரி குளிர் காய்ச்சல் வருவது துத்தநாகப் புகையால். ‘பால் குடித்தால் சரியாகிவிடும்’ என்பார்கள், ஆகாது. வெல்டு போடும் இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். காற்று ஓடும் இடத்தில், புகை முகத்துக்கு வராதபடி பக்கவாட்டில் நின்று அடிக்க வேண்டும். புகையை வடிகட்டும் முகக்கவசம் போட வேண்டும். வெறும் கர்ச்சீப் போதாது. பாலியஸ்டர் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பருத்திச் சட்டை, தோல் கையுறை, தோல் ஷூ. சட்டை வியர்வையில் நனைந்திருக்கும்போது ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு ராடு மாற்றும் பழக்கம் அவனுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இன்றைக்கே விடச்சொல்லுங்கள். ஷாக் அடித்து உயிரே போகலாம்.

ஐ.டி.ஐ. சேர்க்கை வரும்வரை அவன் பட்டறைக்குப் போகட்டும், சொந்த ஷீல்டோடு. தானாகக் கறுக்கும் ஹெல்மெட் சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏஜென்டுக்கு எடுத்துவைத்த பணத்திலிருந்து அதை முதலில் வாங்கிக் கொடுங்கள்.