வாசகர் கேள்வி பதில்: பழைய கேசட்டிலிருந்து கணினிக்கு

கேள்வி: என் தந்தையாரின் சொற்பொழிவுகள் அடங்கிய பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றினேன். குரல் மங்கலாக இருக்கிறது. அவர் உரக்கப் பேசும் இடங்களில் கரகரப்பும் கேட்கிறது. மென்பொருளைக் கொண்டு இவற்றைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: மங்கலை ஓரளவு சரிசெய்யலாம், கரகரப்பை நீக்குவது அரிது. இரண்டுமே பெரும்பாலும் ஓட்டிய விதத்தால் நேர்பவை என்பதால், மறுபடியும் ஓட்டிப் பதிவு செய்வதே நல்லது.

டேப் ரிக்கார்டரில் நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டில் படிந்திருக்கும் பழுப்புத் துகள், நாடா ஹெட்டோடு ஒட்டி ஓடுவதைத் தடுப்பதால், கூர்மையான ஒலிகளே முதலில் அடிபடுகின்றன. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் எஃகுத் தண்டையும் பஞ்சில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரை துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஓட்டுங்கள். டால்பி (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். டால்பி இல்லாமல் பதிவான நாடாவை அது மேலும் மங்கலாக்கும். அதன் பிறகும் தெளிவு வராவிட்டால் ஹெட்டின் சாய்வைப் பார்க்க வேண்டும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை, கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மிக மெதுவாகத் திருப்பி, பேச்சில் வரும் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எந்த இடத்தில் துல்லியமாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். வெவ்வேறு கருவிகளில் பதிவான கேசட்டுகளுக்கு இந்தச் சாய்வு மாறுபடும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இங்கே இழந்த தெளிவை ஈக்வலைசரால் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) முழுமையாக மீட்க முடியாது.

கரகரப்புக்கு வருவோம். முதலில் கேசட்டை நேரடியாக ஹெட்ஃபோனில் கேளுங்கள். அங்கேயும் கரகரத்தால் பழைய பதிவிலேயே குறை இருக்கிறது. அங்கே தெளிவாக இருந்தால், நீங்கள் மடிக்கணினியின் மைக் துளையில் இணைத்திருக்கக்கூடும். அது மைக்கின் மிக மெல்லிய மின்னலைக்கென்று அமைந்தது. ரிக்கார்டரின் வலுவான வெளியீட்டை அது தாங்காமல் அலையின் உச்சியை வெட்டிவிடும். லைன் இன் (வலுவான ஒலி வெளியீட்டை ஏற்கும் துளை) வசதியுள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற இணைப்புக் கருவி வழியாக இணைத்து, மிக உரத்த இடமும் −6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகச் சேமித்தால், ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். எம்பி3 வேண்டுமென்றால் திருத்தி முடித்த பிறகு தனியாக எடுத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சலை நீக்கியதும், குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டதே?

பதில்: அளவுக்கு மீறி நீக்கிவிட்டீர்கள். இரைச்சலின் மாதிரியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். பல பழைய ரிக்கார்டர்கள் ஒலியளவைத் தாமே கூட்டிக் குறைப்பவை. பேச்சாளர் நீண்ட நேரம் நிறுத்தினால் பின்னணி இரைச்சல் மெல்ல எழும்பும், பேசத் தொடங்கியதும் சட்டென அடங்கும். அந்த எழும்பிய இரைச்சலை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் குரலின் ஒரு பகுதியையும் சேர்த்தே அரித்துவிடும். ஆகவே, இரண்டு வாக்கியங்களுக்கு இடையிலுள்ள குறுகிய இடைவெளியைத் தேர்ந்தெடுத்து, 6 முதல் 10 டெசிபல் வரை மட்டும் குறைத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய ‘உஸ்’ ஓசை சிறிது நேரத்தில் காதுக்குப் பழகிவிடும். சிதைந்த குரல் பழகாது.

கேள்வி: ஒரு கேசட்டில் மட்டும் பேச்சு வேகமாகவும் கீச்சென்றும் ஓடுகிறது. ஏன்?

பதில்: பதிவு செய்த அன்று ரிக்கார்டரின் பேட்டரி வலுவிழந்திருக்கலாம். அப்போது மெதுவாக ஓடிய நாடா, இப்போது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற முறையான வேகத்தில் ஓடுவதால் குரல் கீச்சிடுகிறது. இதற்கு ஒலியின் சுருதியையோ நடையையோ தனித்தனியாக மாற்றாமல், இரண்டையும் சேர்த்து மாற்றும் வேக மாற்றக் கட்டளையையே பயன்படுத்துங்கள். ஒலிபெருக்கியின் மின் உறுமல் பதிவில் கலந்திருந்தால் கணக்கிடுவது எளிது: 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய உறுமல் அலைவரிசைப் படத்தில் 53 ஹெர்ட்ஸில் தெரிந்தால், வேகத்தை 0.943 மடங்காக்குங்கள். பேட்டரி போகப்போகத் தளர்ந்திருக்கும் என்பதால், கேசட்டின் தொடக்கத்துக்குப் பொருந்தும் அளவு முடிவுக்குப் பொருந்தாமல் போகலாம். பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே அளந்து மாற்றுங்கள்.