சர்வீஸ் பார்க்கில் இருபது நிமிடம்: வாசகர் கேள்வி-பதில்

சிக்கமகளூருக்கும் கோவைக்கும் ராலி சீசனில் வேன் கட்டிக் கிளம்பும் பெங்களூரு மெக்கானிக்குகளும், அவர்களோடு ஒருமுறையாவது போய்ப் பார்க்க ஆசைப்படும் தம்பிகளும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ராலியில் நேரம் அளந்து வேகமாக ஓட்டும் பாதைக்கு ஸ்டேஜ் என்று பெயர்; ஸ்டேஜ்களுக்கு நடுவே வண்டியைப் பழுதுபார்க்க ஒதுக்கிய இடம்தான் சர்வீஸ் பார்க். சர்வீஸ் நேரம், ஆள் கணக்கு, எந்த உதிரிபாகத்தை மாற்றலாம் என்பதெல்லாம் போட்டிக்குப் போட்டி மாறும். அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகமே கடைசி வார்த்தை.

அல்சூர் வாசகர்: அட்டவணையில் சர்வீஸ் 20 நிமிடம் என்று இருக்கிறது. உண்மையில் கைக்கு எவ்வளவு கிடைக்கும்? லேட்டானால் என்ன ஆகும்?

பதினைந்து நிமிடம். அதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது உங்கள் கூடாரத்தில் அல்ல, சர்வீஸ் பார்க் வாசலில் கோ-டிரைவர் (பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர்) டைம் கார்டை, அதாவது வந்துபோகும் நேரம் பதியும் அட்டையை, நீட்டும் நிமிடத்தில். அங்கிருந்து கூடாரத்துக்கு வண்டி மெதுவாகத்தான் வரவேண்டும். பார்க்குக்குள் வேக வரம்பு பொதுவாக 30 கி.மீ. தூக்கி ஸ்டாண்டில் வைக்க ஒரு நிமிடம். இறக்கி, வீல் நட் சரிபார்த்து, இருவரும் பெல்ட் மாட்ட இரண்டு நிமிடம். வெளி வாசலுக்கு ஓட்டிப் போக ஒன்று. வரிசையில் முன்னால் இன்னொரு வண்டி நின்றால் அதுவும் உங்கள் கணக்கில்தான்.

வழக்கமான விதி இது: ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் 10 வினாடி அபராதம், நிமிடத்தின் ஒரு துளி தாண்டினாலும் முழு நிமிடமாகவே கணக்கு. நேரத்துக்கு முன்பே கார்டு கொடுத்தால் இன்னும் மோசம், நிமிடத்துக்கு முழு ஒரு நிமிடம் அபராதம். பதற்றத்தில் முன்கூட்டியே கார்டை நீட்டித் தோற்றவர்கள் உண்டு.

ஆனால் தாமதம் எப்போதும் தப்பு என்று நினைக்காதீர்கள். 10:00க்கு உள்ளே வந்த வண்டி 10:20க்கு வெளியேற வேண்டும்; 10:23க்குப் போனால் 30 வினாடி போச்சு. முன்பக்க ஷாக் அப்சார்பர் ஒழுகுகிறது, மாற்றி முடிக்கக் கூடுதலாக மூன்று நிமிடம் வேண்டும், இன்னும் 60 கி.மீ. ஸ்டேஜ் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். செத்த ஷாக்கோடு கிலோமீட்டருக்கு ஒரு வினாடி இழந்தாலே 60 வினாடி. 30 கொடுத்து 60 மிச்சம் பிடிக்கலாம். பாக்கி 15 கி.மீ.தான் என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள். இந்தக் கணக்கைப் போடுவதற்காகவே ஒருவர் ஸ்பேனரைத் தொடாமல் கையில் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். தாமதத்துக்கு மொத்த எல்லை ஒன்றும் உண்டு, அதைத் தாண்டினால் போட்டியிலிருந்தே வெளியே. அந்த எண் அவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

ஸ்ரீராம்புரம் வாசகர்: நாலு மெக்கானிக்குகள் இருக்கிறோம். வேலையை எப்படிப் பிரிப்பது?

மூலைக்கு ஒருவர். அவரவர் சக்கரம், பிரேக், ஆர்ம், ஷாக், அதன் போல்ட்டுகள் அவரவர் பொறுப்பு. முன்பக்க இருவரில் ஒருவர் என்ஜினையும், பின்பக்க இருவரில் ஒருவர் அடிப்பாகத்தையும் கூடுதலாகப் பார்க்கட்டும். ஆரம்பித்தவரே முடிக்க வேண்டும். பாதி முறுக்கிய போல்ட்டை இன்னொருவரிடம் ஒப்படைப்பதுதான் சர்வீஸில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர். முழுசாக முறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். கோடு இல்லாத தலை கண்ணில் பட்டால் வண்டி இறங்கக்கூடாது.

வண்டி வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஸ்டேஜ் முடிந்து வரும் வழியில் கோ-டிரைவர் நாலு வரி மெசேஜ் அனுப்பட்டும்: எந்தப் பக்கம் சத்தம், பிரேக் மிதி எப்படி, வெப்பமானி எவ்வளவு, எங்கே அடிபட்டது. ‘முன்னால் ஏதோ சரியில்லை’ என்ற மெசேஜால் ஒரு பயனும் இல்லை. ‘இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் டக்டக் சத்தம்’ என்று வந்தால் டிரைவ் ஷாஃப்ட்டும் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) கிரீஸும் தார்பாயில் தயாராகிவிடும்.

கம்மனஹள்ளி வாசகர்: டிரைவ் ஷாஃப்ட்டை 20 நிமிட சர்வீஸில் மாற்ற முடியுமா? கராஜில் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறதே?

முடியும். முன்சக்கர இழுவை வண்டியில், பழகிய இருவர் சேர்ந்தால் 10 முதல் 15 நிமிடம். கராஜில் அந்த ஒரு மணி நேரத்தைத் தின்பது துரு. ராலி வண்டியில் ஒவ்வொரு போல்ட்டும் முந்தின வாரமே ஒருமுறை கழன்று சுத்தமாகி மாட்டியிருக்கும்.

முதலில், வண்டி தரையில் நிற்கும்போதே ஒருவர் பிரேக் மிதித்துப் பிடிக்க, ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) நடு நட்டை இளக்குங்கள். இளக்கம் மட்டும்தான், கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். நட்டைத் தளர்த்திவிட்டு வண்டியின் கனத்தைச் சக்கரத்தில் நிறுத்தினால் வீல் பேரிங் கெடும். பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டை விடுவித்தால் நக்கிள் (ஹப்பைத் தாங்கும் பாகம்) வெளியே சாயும். ஷாஃப்ட் நுனியைச் செம்புச் சுத்தியலால் தட்டி ஹப்பிலிருந்து பின்னால் தள்ளுங்கள். இரும்புச் சுத்தியலால் அடித்தால் மரை காளான் மாதிரி விரிந்துவிடும், அப்புறம் அந்த ஷாஃப்ட் ஸ்பேருக்குக்கூட ஆகாது.

உள்முனை வண்டிக்கு வண்டி வேறு. பல வண்டிகளில் அது கியர்பாக்ஸில் செருகி ஒரு சர்க்ளிப்பில் (பள்ளத்தில் மாட்டும் கம்பி வளையம்) நிற்கும். நெம்புகோலால் ஒரு நெம்பு. கூடவே கியர் ஆயிலும் கொட்டும், ஆகவே அடியில் தட்டு. தட்டில் எவ்வளவு விழுந்ததோ அதே அளவு புது ஆயிலை ஊற்றினால் போதும், லெவல் பார்க்க நேரமிருக்காது. ஃபோக்ஸ்வேகன் போலோவில் உள்முனை ஃபிளாஞ்சில் போல்ட் போட்டிருக்கும், ஆயில் கொட்டாது. ஆனால் அந்த போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை பிட் வேண்டும். சேற்றால் அடைத்த தலையில் பிட்டை அரைகுறையாக வைத்துத் திருகினால் தலை மழுங்கி, சர்வீஸ் அங்கேயே முடிந்துவிடும். ஊசியால் தோண்டி, பிரேக் கிளீனர் அடித்து, பிட்டை ஒரு தட்டுத் தட்டி உட்காரவைத்த பிறகே திருகுங்கள்.

செருகும் வகையில் புதிய சர்க்ளிப் போட்டுத் தள்ளும்போது ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகும் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஹப் நட் எப்போதும் புதுசு. அதை முதலிலேயே இறுக்கிவிட்டு, கடைசி முறுக்கு மட்டும் சக்கரம் தரையில் பட்ட பிறகு. கழற்றிய ஷாஃப்ட்டின் பூட் (மூட்டை மூடும் ரப்பர் உறை) மட்டும் கிழிந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். இரவில் திறந்து கழுவி, மாலிப்டினம் கிரீஸ் 80 முதல் 100 கிராம் அடைத்து, புது பூட் போட்டால் அதுவே நாளைய ஸ்பேர்.

சி.வி. ராமன் நகர் வாசகர்: எஸ்டேட் இறக்கத்தில் பிரேக் மிதி தரை வரை போகிறது. சற்று நின்றால் சரியாகிறது. பேட் மாற்றினேன், மறுபடியும் அதே கதை.

பேட் மேல் பழி போடாதீர்கள், பிரேக் ஆயில் கொதிக்கிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் மிதி பஞ்சாகிறது. மிதி கல்லாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால்தான் பேட் சூடேறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் தவறான வேலையில் ஐந்து நிமிடம் வீணாகும்.

பிரேக் ஆயில் டப்பாவில் டாட் என்று தர எண் இருக்கும். டாட் 3 ஆயில் புதுசாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஈரம் உறிஞ்சிய பிறகு இவை முறையே 140, 155, 180க்கு இறங்கிவிடும். திறந்து வைத்த டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் இன்னும் வேகமாக. போன ராலியில் மிஞ்சிய அரை டப்பாவை ராலி வண்டிக்கு ஊற்றாதீர்கள். சீல் உடையாத 500 மி.லி. டப்பாக்கள் இரண்டு வைத்திருந்தால் முழு சிஸ்டத்தையும் மாற்றிவிடலாம்.

சர்வீஸில் காலிப்பருக்குள் (பேட்டை அழுத்தும் பாகம்) இருக்கும் வெந்த ஆயிலை மட்டும் வெளியேற்றினால் போதும். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்து ‘பிடி’ என்பார், கீழே இருப்பவர் நிப்பிளை (ஆயில் வெளியேற்றும் திருகு) திறந்து மூடி ‘விடு’ என்பார். மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்று உள்ளே போகும். மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருக்கும் நம் வண்டிகளில் தூரத்திலிருக்கும் இடது பின்சக்கரத்தில் ஆரம்பிப்பது பழைய வழக்கம். குறுக்கு இணைப்பு (ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரே குழாய் வழியில்) உள்ள வண்டிக்குக் கம்பெனி கையேட்டில் உள்ள வரிசையே சரி.

பேட் மாற்றினால், வண்டி நகரும் முன் மிதியை நாலைந்து முறை அடித்து பிஸ்டனை முன்னால் கொண்டுவாருங்கள். இதை மறந்ததால் கூடாரத்திலிருந்து கிளம்பிய வண்டி எதிர்க் கூடாரத்துக்குள் நுழைந்த கதை எல்லா சர்வீஸ் பார்க்கிலும் உண்டு. பேட்டும் ஏற்கெனவே ஓட்டிப் பதமாக்கியதாக இருக்கட்டும். பச்சைப் பேட் முதல் வளைவிலேயே வழுக்கும்.

ஓசூர் ரோடு வாசகர்: கன் வைத்து வீல் போல்ட் முறுக்கினால் போதாதா? டார்க் ரெஞ்ச் எதற்கு?

போதாது. முதல் மூன்று சுற்று கையால், பிறகு கன் (வேகமாகச் சுழற்றி முறுக்கும் கருவி) குறைந்த விசையில், கடைசியாக, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் எதிரெதிர் வரிசையில். போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர்; ஸ்விஃப்டுக்கு வேறு, அந்த மாடலின் கையேட்டில் உள்ள அளவு. இரண்டு வண்டி பார்க்கும் டீமில் ரெஞ்சை ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதுக்கு மாற்ற மறப்பார்கள், ஆகவே வண்டிக்கு ஒன்று.

முறுக்கிய பிறகும் தளர்ந்தால் மூன்று இடம் பாருங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் சேறோ சிறு கல்லோ இருக்கிறதா? ரிம்முக்குப் புதிதாக பெயின்ட் அடித்தீர்களா? அந்த பெயின்ட் நசுங்கினால் இறுக்கம் போய்விடும். மூன்றாவது, போல்ட்டின் உட்காரும் முகம்: ஃபோக்ஸ்வேகனின் சொந்த ரிம்முக்கு உருண்டை முகம், வெளியில் வாங்கும் பல அலாய்களுக்குக் கூம்பு முகம். மாற்றிப் போட்டால் எத்தனை முறுக்கினாலும் நிற்காது.

கே.ஜி.எஃப். வாசகர்: ஸ்டேஜுக்குப் பிறகு ஸ்டியரிங் பயங்கரமாக உதறுகிறது. வீல் பேலன்ஸ் மெஷினை எடுத்துப் போகணுமா?

வேண்டாம். ரிம்மின் உள்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த செம்மண்ணைச் சுரண்டி எடுங்கள். பத்தில் ஒன்பது முறை உதறல் நின்றுவிடும்.

அதே கையோடு ரேடியேட்டரையும் பாருங்கள். சேறு அடைத்த ஃபின்னை (மெல்லிய தகடுகளை) என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். முன்னாலிருந்து பிரஷர் வாஷரால் அடித்தால் சேறு உள்ளே இறுகும், ஃபின்னும் மடங்கும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. சிக்கமகளூரு உயரத்தில் வெறும் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதிக்கும். உள்ளே இருப்பதைக் கொதிக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த மூடியின் அழுத்தம்தான்.

பிரேசர் டவுன் வாசகர்: அலைன்மென்ட் மெஷின் இல்லாமல் டோ எப்படிச் சரிசெய்கிறார்கள்?

டோ என்பது, மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. அதற்கு இரண்டு நேரான அலுமினியப் பட்டை, இரண்டு டேப். ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவிட்டு, முன்சக்கரங்களின் வெளிமுகத்தில் பட்டைகளைச் சாய்த்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டுக்கும் இடைவெளியை அளங்கள். பின்னளவில் முன்னளவைக் கழித்தால் டோ-இன். அந்தந்த வண்டியின் அமைப்பு மில்லிமீட்டரில் வேலைத் தாளில் எழுதியிருக்க வேண்டும். சர்வீஸில் நின்றுகொண்டு டிகிரிக்கு மாற்றாதீர்கள்.

சிக்கல் வேறு இடத்தில். தூக்கி இறக்கிய வண்டியின் சக்கரங்கள் உள்நோக்கி இழுத்தபடி நிற்கும், அளவு பொய் சொல்லும். இரண்டு மூன்று மீட்டர் உருட்டினால் சரியாகும், ஆனால் கூடாரத்தில் அதற்கு இடம் ஏது? முன்சக்கரங்களின் கீழ் இரண்டிரண்டு தகடு, நடுவில் கிரீஸ். இறக்கியதும் சக்கரம் தானாக வழுக்கித் தன் இடத்துக்கு வந்துவிடும். டை ராடில் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பி) 1.5 மி.மீ. பிட்ச் மரை இருந்தால் ஒரு முழுச் சுற்று ரிம் விளிம்பில் ஏறத்தாழ 4 மி.மீ. மாற்றும். ஸ்டியரிங் கோணலாகாமல் இருக்க இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். கூடவே ஒரு பழக்கம்: ஸ்பேர் டை ராடு எண்டின் நீளத்தை வண்டியில் இருப்பதோடு ஒத்துப் பார்த்து லாக் நட்டோடு வைத்துக்கொண்டால், மாற்றும்போது பாதி அலைன்மென்ட் அங்கேயே முடிந்திருக்கும்.

ராஜாஜிநகர் வாசகர்: ஜே.சி. ரோட்டிலும் எஸ்.ஜே.பி. ரோட்டிலும் வாங்கவேண்டிய பட்டியல் தாருங்கள். சின்ன டீம், ஒரே வண்டி.

இரண்டு டன் தாழ்வு ஜாக்கி இரண்டு, மூன்று டன் ஸ்டாண்ட் நாலு. ஈர மண்ணில் ஸ்டாண்ட் புதையும், ஆகவே 18 மி.மீ. பிளைவுட் இரண்டடிச் சதுரத்தில் நாலு துண்டு. ஆயில் மண்ணில் இறங்காதபடி தடித்த தார்பாய் 15க்கு 20 அடி; அநேகப் போட்டிகளில் இது கட்டாயம். பவுடர் தீயணைப்பான் ஒன்றுக்கு இரண்டு. டிரைவ் ஷாஃப்ட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ஹப் பேரிங்கோடு நக்கிள் எல்லாம் இடது வலது என ஜோடியாக. அடிக்கடி மாற்ற வேண்டிவருவது இவைதான், ஆல்டர்னேட்டரை இரண்டாம் வரிசையில் வையுங்கள். ஏர் ஃபில்டர் புழுதிக் காலத்தில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒன்று.

வெல்டிங் செட் எடுத்துப் போனால் 2.5 மி.மீ. ராடுக்கு 70 முதல் 100 ஆம்பியர் வேண்டும், 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தாங்கும். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரையும் இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பிளக்கையும் கழற்றி, எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு ஒட்டியே போடுங்கள்.

யஷ்வந்த்பூர் வாசகர்: சர்வீஸிலேயே பெட்ரோல் போடலாமா? வழியில் வண்டி நின்றால் வேனிலிருந்து ஓடிப்போய் உதவலாமா?

இரண்டும் கூடாது. எரிபொருளுக்குத் தனி இடம். என்ஜின் அணைந்திருக்க வேண்டும், உள்ளே உட்கார்ந்திருந்தால் பெல்ட் கழற்றியிருக்க வேண்டும். வழியில் நின்ற வண்டியை டிரைவரும் கோ-டிரைவரும் மட்டுமே, வண்டிக்குள் உள்ள கருவிகளையும் உதிரிகளையும் வைத்து, சரிசெய்யலாம். நீங்கள் ஒரு ஸ்பேனரை நீட்டினாலும் அது வெளியுதவி, வண்டி போட்டியை விட்டே போகலாம். போனில் வழி சொல்லலாமா என்பதைப் போட்டி அதிகாரியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.