ஏற்காட்டில் நாயோடு கூடாரம்: முன்பணம் கட்டும் முன்

இரண்டு குழந்தைகள், ஒரு லாப்ரடார், கூடாரம், வேன். ஏற்காட்டில் எங்கே தங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். காப்புக்காட்டுப் பக்கம் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது, காட்டெருமை நடமாட்டமும் உண்டு. தனியார் காபி எஸ்டேட்தான் சரி.

எஸ்டேட்காரர் 'நாய் வரலாம் சார்' என்றதும் பணம் அனுப்பிவிடாதீர்கள். ராத்திரி நாய் உங்களோடு கூடாரத்துக்குள் படுக்கலாமா, வெளியேதான் கட்ட வேண்டுமா? சிக்கலே இதில்தான் வரும். எஸ்டேட் காவல் நாய்களை இரவில் அவிழ்த்துவிடுவார்களா என்றும் கேளுங்கள். வேன் கூடாரம் வரை போகுமா, எஸ்டேட் வாசலோடு நின்றுவிடுமா? பாதையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்ப மூன்று மணி நேரம் முன்பே நாய்க்குச் சாப்பாட்டை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பின்சீட்டு அவ்வளவுதான். வழியெல்லாம் குரங்கு, கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் உண்ணி. காபிச் செடிக்குள் புகுந்து வந்தால் காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் மட்டும் போகாதீர்கள்.