பெயரே கேள்விப்படாத படைப்புகள் என்றால் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போகலாமா?

கேள்வி: தருமபுரியில் இருக்கிறேன். பெங்களூரில் மேற்கத்திய செவ்வியல் இசைக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. ஹார்ன் என்கிற பித்தளை ஊதுவாத்தியத்தில் தனி வாசிப்பு உண்டு, ஆனால் நிரலில் இருப்பவை எல்லாம் நான் கேள்விப்படாத படைப்புகள். போனால் எனக்குப் புரியுமா?

தாராளமாகப் போங்கள். “புரியுமா” என்று நீங்கள் தயங்குவதைப் பார்த்தால், விவரம் தெரிந்தவர் யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். எனக்கும் அது நடந்தது. “முதலில் பீத்தோவனைக் கேட்டுப் பழகு, இதெல்லாம் அப்புறம்” என்றார் அலுவலக நண்பர் ஒருவர். நான் கிருஷ்ணகிரிக்காரன். அவர் பேச்சைக் கேட்காமல், காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொம்பு ஊதும் என் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினேன்.

அன்று வாசித்தது ஜெர்மன் இசையமைப்பாளர் வெபரின் ஹார்ன் கான்செர்டினோ, அதாவது ஹார்ன் முன்னால் நிற்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் சிறிய படைப்பு. 1806-இல் எழுதி 1815-இல் திருத்திய படைப்பு. அப்போது ஹார்னில் விரலால் அழுத்திச் சுரம் மாற்றும் வால்வு புழக்கத்துக்கு வரவில்லை. வளைந்த குழாய், அகன்ற வாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியுமே சுரம் பிடிக்க வேண்டும். நடுவில் விடுபடும் சுரங்களை, அகன்ற வாய்க்குள் வலது கையை நுழைத்து, அடைத்தும் திறந்தும் எடுப்பார்கள். இன்று வால்வு இருந்தும் அந்தக் கை உள்ளேயேதான் இருக்கிறது.

தொடக்கத்து மெதுவான பகுதியிலேயே பெரியப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். “உதட்டைப் பார் தம்பி, மேல் சுரத்துக்குப் போவதற்கு முன்பே இறுக்கிக் கட்டிவிட்டார்” என்றார். பிறகு வாத்தியங்கள் எல்லாம் நின்று, ஹார்ன் மட்டும் தனியே நின்ற இடம் வந்தது. கலைஞர் ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே தொண்டையில் இன்னொரு சுரத்தை முனகினார். இரண்டும் சேர்ந்து குழாய்க்குள்ளிருந்து மூன்றாவதாக ஒரு ஒலி கிளம்பியது. வெபர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பெரியப்பா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதுவரை நிரல் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த முன்வரிசைக்காரர்களும் அசையவில்லை. பழைய ஒலிப்பதிவோடு ஒப்பிட அங்கே எவரிடமும் எதுவும் இல்லை. தெரியாத படைப்பின் பெரிய லாபமே அதுதான்.

இடைவேளைக்குப் பிறகு பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் சி மேஜர் சிம்பொனி, ஆர்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட படைப்பு. 1855-இல், பதினேழு வயதில் எழுதியது. முதன்முதலாக மேடையேறியது 1935-இல். எழுதியவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதிகம் கேட்கப்படாதது என்றால் தரம் குறைந்தது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கொம்பும் ஹார்னும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சண்டைக்கு வர வேண்டாம். விரல் துளையில்லாத குழாயில் மூச்சையும் உதட்டையும் மட்டும் நம்பி ஊதுகிறவருக்கு, அதே பாடுபடும் இன்னொருவரைப் புரிந்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நம் இசையை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் இசைக்குப் போகிறான் என்பவர்களும் இதைக் கவனியுங்கள்.

நம் இசையை யார் விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் அந்த ஹார்ன் கலைஞருக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. சென்ற திருவிழாவில், கேரளத்திலிருந்து வந்த செண்டை மேளத்துக்கு முன்பணமும் நாற்காலியும் கொடுத்தவர்கள், பெரியப்பாவையும் பம்பைக்காரர்களையும் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பேசிய கூலியிலும் குறைத்துக் கொடுத்தார்கள். செண்டைக் கலைஞர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூலியைக் குறைத்தது எங்கள் ஊர்க்காரர்கள்.

டிக்கெட் எடுக்கும்போது, மேடையைப் பார்த்தபடி இடப்பக்கம் இருக்கை கேளுங்கள். ஹார்னுக்குள் கை என்ன செய்கிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். திரும்பும் பஸ்ஸை முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.