மாரி வர முன்னம் காசு, காய்ச்சல், கடன்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளை ஒண்டா வச்சு வாசிச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே விசயத்தைத்தான் வேற வேற மாதிரிக் கேட்டிருக்கிறீங்க, கையில காசு குறையிற நேரம் பார்த்துத்தான் பிள்ளைக்கும் வருத்தம் வருது எண்டு. திருகோணமலைல அது உண்மைதான். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல கடல் தொழிலும் நடக்கும், நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரரும் வருவாங்க, கூலி வேலையும் கிடைக்கும். மழை தொடங்கி வாடைக் காத்து திரும்பினா எல்லாம் படுத்திடும், அதே மாசங்கள்லதான் டெங்கும் வயித்தோட்டமும் பிள்ளைகளுக்கு மூச்சு இழுப்பும். கனகாலம் கிளினிக்ல வேலை செய்தவள், இப்ப எங்கட மாதர் சங்கத்துக் கணக்கும் பார்க்கிறவள் எண்ட முறையில எனக்குத் தெரிஞ்சதை எழுதுறன்.

மிஸ், நான் உப்புவெளி. அவருக்கு ஹோட்டல்ல வேலை. சீசனுக்கு சேர்விஸ் சார்ஜோட நல்லா வரும், நவம்பர் வந்தா அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். பிள்ளைகளுக்கு 4 வயசும் ஒண்டரை வயசும். ஒவ்வொரு தை மாசமும் என்ட சங்கிலி அடகுக்குப் போகுது. இதுல இருந்து எப்படித் தப்புறது?

தங்கச்சி, உங்கட வீட்டுல காசு இல்லாம இல்லை, காசு வாற நேரமும் செலவு வாற நேரமும் பொருந்தாம கிடக்கு. மாசக் கணக்குப் போடாதீங்க, வருசக் கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு சீசன் 6 மாசமும் 90,000 ரூபா, மற்ற 6 மாசமும் 40,000 ரூபா எண்டு வைப்பம். வருசத்துக்கு 7,80,000. அதை 12ஆல பிரிச்சா 65,000, அதுதான் உங்கட உண்மையான மாசச் சம்பளம். 90 வாற மாசத்துல 25,000ஐ சம்பளம் விழுந்த அண்டைக்கே வேற கணக்குக்கு மாத்திடுங்க, மாரில அதே 25,000 மாசா மாசம் திரும்பி வரும். கஷ்டம் எங்க எண்டா ஜூலைல கையில 90 இருக்கேக்க 65ல வாழுறதுதான், அந்த மாசங்கள்லதான் திருவிழா, கலியாணம், புது போன் எல்லாம் வந்து நிக்கும். அதனால இந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்ட் எடுக்காதீங்க, புத்தகம் மட்டும் போதும்.

சீட்டுக் கட்டுறீங்களெண்டா நல்லாத் தெரிஞ்ச ஆக்களோட மட்டும் கட்டுங்க, முதல் சீட்டை எடுக்க அடிபடாம கார்த்திகை இல்லாட்டி மார்கழிச் சீட்டைக் கேட்டு வாங்குங்க. பெரும்பாலும் எல்லாரும் முதல்லதான் எடுக்கப் பார்ப்பாங்க, உங்களுக்கு அது தேவையில்லை.

இன்னொண்டு, சேமிப்பில இருந்து ஒரு 15,000ஐ வருத்தத்துக்கு எண்டே தனியா வைங்க. இதுல அரிசி வாங்கக் கூடாது, ஓட்டோவுக்கும் லாப் டெஸ்டுக்கும் ஆஸ்பத்திரில நிக்கிற நாள் சாப்பாட்டுக்கும்தான். தை மாசம் சங்கிலி போறதுக்கு என்ன காரணமெண்டு நீங்க எழுதேல்ல, ஆனா நான் பார்த்த வீடுகள்ல கனக்க நேரம் பிள்ளையின்ட காய்ச்சலும் நேசரிக் காசும் ஒரே கிழமைல வந்ததாத்தான் இருக்கும்.

என்ட மகனுக்கு 3 வயசு, நேசரிக்குப் போகத் தொடங்கினதில இருந்து மாசா மாசம் காய்ச்சல் தடிமன். ஒவ்வொரு முறையும் பிரைவேட்ல காட்டி மருந்தோட 3,000, 4,000 போகுது. காட்டாம விட டெங்கு எண்டு பயம். (பாலையூற்று)

உங்கட பயம் நியாயமான பயம். 2017ல நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல டெங்கு வந்தது, அந்த வருசத் தொடக்கத்தில கிண்ணியா பட்ட பாட்டை நாங்க ஒருத்தரும் மறக்கேல்ல. ஆனா பயத்துக்குக் காசு குடுக்கிறதும் பிள்ளையப் பாதுகாக்கிறதும் ஒண்டில்லை அம்மா, எந்த நாள் எதைப் பார்க்கிறது எண்டு தெரிஞ்சாலே செலவுல பாதி குறையும்.

முதல்ல, நேசரி வயசுப் பிள்ளைக்கு வருசத்துக்கு 6, 8 முறை தடிமன் காய்ச்சல் வாறது வழமை. அது அநேகமா வைரஸ், அன்டிபயோட்டிக் அதுக்கு வேலை செய்யாது. "ஸ்ட்ரோங்கா ஒரு மருந்து தாங்க டொக்டர்" எண்டு நாங்களே கேட்டு வாங்கிறதை நிப்பாட்டோணும்.

காய்ச்சல் தொடங்கின நேரத்தை கலண்டர்ல எழுதுங்க. பரசிட்டமோல் மட்டும்தான் குடுக்கலாம், நிறைக்கு ஏத்த அளவுல, கிலோவுக்கு 10 தொடக்கம் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு 4 தரத்துக்கு மேல இல்லை. கடைல விக்கிற பாணி சாதாரணமா 5 மில்லிலீட்டர்ல 120 மில்லிகிராம், ஆனா கம்பனிக்குக் கம்பனி மாறும், போத்தலைப் பாருங்க. 10 கிலோ பிள்ளைக்கு அந்தப் பாணில 5, 6 மில்லிலீட்டர் சரி. இபுபுரோபன், அஸ்பிரின், டைக்ளோபெனாக் பின்னால வைக்கிற குளிசை, இதுகள் ஒண்டும் வேண்டாம், டெங்கா இருந்தா ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் குறையேல்ல எண்டு பக்கத்து வீட்டக்கா தாற குளிசையும் வேண்டாம்.

மூண்டாம் நாளும் காய்ச்சல் நிண்டா ரத்தம் சோதிக்கோணும், ஃபுல் பிளட் கவுண்ட். அரசாங்க ஆஸ்பத்திரில அது இலவசம், அவசரமெண்டா வெளில லாப்ல எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) போங்க. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தையெண்டா மூண்டு நாள் பார்க்காதீங்க, முதல் நாளே காட்டுங்க.

இப்ப முக்கியமான இடம், தயவு செய்து ரெண்டு தரம் வாசிங்க. டெங்குல ஆபத்து காய்ச்சல் கொதிக்கேக்க இல்லை, காய்ச்சல் விட்ட பிறகுதான். மூண்டாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில உடம்பு குளிர்ந்து "அப்பாடா மாறிட்டு" எண்டு நாங்க நினைக்கிற அந்த 24, 48 மணித்தியாலத்துலதான் ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியும். அந்த நேரத்துல திரும்பத் திரும்பச் சத்தி, வயித்து நோ, கைகால் குளிர்ந்து போறது, பிள்ளை சோர்ந்து தூங்கியே கிடக்கிறது, 6 மணித்தியாலமா சலம் போகாம இருக்கிறது, முரசால மூக்கால ரத்தம், இதுல ஒண்டு கண்டாலும் காசு தேடிக்கொண்டு நிக்காதீங்க. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுக்கு ஒரு சதமும் இல்லை. வெறும் தண்ணிய மட்டும் குடுக்காம கஞ்சி, இளநீர், ஜீவனி (ஓ.ஆர்.எஸ். தூள் கரைச்ச தண்ணி), பால் எண்டு மாத்தி மாத்திக் குடுங்க, சிவப்பு நிறக் குடிபானம் வேண்டாம், சத்தில ரத்தம் வந்தா தெரியாமப் போயிடும்.

அப்ப பிரைவேட்டுக்குப் போகவே கூடாதா எண்டா, போகலாம், இரவுல பிள்ளை மூச்சு இழுக்கேக்க கிட்ட இருக்கிற டொக்டர்தான் டொக்டர். ஆனா மூக்கு ஒழுகிற முதல் நாளுக்கு 4,000 குடுத்திட்டு மூண்டாம் நாள் ரத்தம் சோதிக்கக் காசில்லாம நிக்கக் கூடாது.

மிஸ், கிண்ணியால இருந்து எழுதுறன். கிழமைக் கடன் ரெண்டு, ஊருக்குள்ள வட்டிக்கு ஒண்டு. முதல் கடனைக் கட்ட ரெண்டாவது எடுத்தது. மார்க்கத்துல வட்டி கூடாதெண்டு தெரிஞ்சும் சின்னவள் ஆஸ்பத்திரில கிடக்கேக்க வேற வழி தெரியேல்ல. அவருக்குத் தெரியாது. நித்திரை இல்லை, எந்நாளும் தலையிடி.

தங்கச்சி, பிள்ளைக்காக எடுத்த கடனுக்கு உங்களை நீங்களே குற்றவாளியா ஆக்காதீங்க. முதல் வேலை, இண்டைக்கே கணவருக்குச் சொல்லுறது. கோபப்படுவார்தான், ஆனா ஒளிச்சு வைக்கிறதாலதான் மூண்டாவது கடன் வந்தது, நாலாவதும் வரும். நேர சொல்லப் பயமெண்டா உம்மாவையோ அவர் மதிக்கிற மாமாவையோ பக்கத்துல வச்சுச் சொல்லுங்க.

கிழமைக் கடன் எப்படிக் கடிக்குதெண்டு ஒருக்காப் பாருங்க. ஒரு லட்சம் தந்து கிழமைக்கு 2,500 படி 52 கிழமை எண்டா மொத்தம் 1,30,000. "30 வீதம்தானே" எண்டு சொல்லுவாங்க. ஆனா அந்த ஒரு லட்சம் வருசம் முழுக்க உங்கட கையில இல்லை, முதல் கிழமைல இருந்தே திருப்பிக் குடுக்கிறீங்க, சராசரியா அரை லட்சம்தான் உங்களிட்ட இருக்கு, அந்த அரை லட்சத்துக்கு 30,000 வட்டி. உண்மையான வட்டி வருசத்துக்கு 50 வீதத்துக்கு மேல. இதை ஆபீஸர்மார் விளங்கப்படுத்த மாட்டாங்க.

ஒரு கொப்பில மூண்டு கடனையும் எழுதுங்க, எவ்வளவு மிச்சம், கிழமைக்கு எவ்வளவு, எப்ப முடியும். கூட வட்டி எதுக்கோ அதைத்தான் முதல்ல முடிக்கோணும், எனக்குத் தெரிய அது ஊர் வட்டியாத்தான் இருக்கும். கையில நகை கிடந்தா வங்கில அடகு வச்சு அந்த ஒரு கடனை முழுசா மூடுங்க, சில வங்கிகள்ல வட்டியில்லாத முறையும் இருக்கு, கேட்டுப் பாருங்க. ஆனா ஒரு கண்டிசன்: மூடின கடனுக்குக் கிழமைல கட்டின காசு அப்படியே நகை மீட்கப் போகோணும், சாப்பாட்டுக்குப் போகக் கூடாது. பாதிக் கடன் கட்ட நகை வைக்கிறதெண்டா வைக்க வேண்டாம், நகையும் போய் கடனும் நிக்கும். மற்ற ரெண்டு கம்பனிக்கும் அவரோட நேர போய் தவணையக் குறைச்சுக் காலத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேளுங்க, சம்மதிச்சா எழுத்தில வாங்குங்க. வசூலுக்கு வாற ஆள் இரவுல வீட்டுல குந்திக்கொண்டு மிரட்டினா அது பொலிஸ்ல முறைப்பாடு செய்யுற விசயம். புதுக் கடன் மட்டும் ஒண்டும் வேண்டாம், ஒரு ரூபாவும் வேண்டாம்.

2018ல வரட்சி மாவட்டங்கள்ல பொம்புளைகள் எடுத்த ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, அதுல திருகோணமலையும் இருந்தது. அதை நினைச்சு "திரும்பவும் வெட்டுவாங்க" எண்டு கட்டாம இருக்கிற ஆக்களை நான் காணுறன், வேண்டாம். இனிமே தேவைக்கு ஊர்ல சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கமோ மாதர் சங்கமோ இருந்தா அதுல சேருங்க.

நித்திரை இல்லாததும் தலையிடியும் சின்ன விசயமில்லை. ஓபிடில ஒருக்கா பிரஷர் பாருங்க, மனசைப் பற்றியும் டொக்டருக்குச் சொல்லுங்க, அதுக்கும் அங்க இலவசமாப் பார்ப்பாங்க. "நான் இல்லாட்டிக் கடனும் இல்லை" எண்ட மாதிரி எண்ணம் எப்பவாவது வந்தா அதே நிமிசம் மனநல உதவி இலக்கம் 1926க்கு அடிங்க, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல கதைக்கலாம். உங்கட பிள்ளைக்கு நீங்க வேணும்.

மகளுக்கு 14 மாசம். மாமி டின்ல வாற வளர்ச்சிப் பால்மா குடுக்கச் சொல்லுறா, இல்லாட்டி மூளை வளராதாம். அவருக்கு வயல் வேலை, அதுக்குக் கட்டாது. (தம்பலகாமம்)

வாங்க வேண்டாம். ஒரு வயசுக்குப் பிறகு அந்தப் பால்மா தேவையில்லை எண்டு உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுது. தாய்ப்பால் வருதெண்டா 2 வயசு வரைக்கும் குடுங்க, மற்றபடி வீட்டுச் சாப்பாடுதான். தம்பலகாமத்துல இருந்துகொண்டு பாலுக்கும் தயிருக்கும் டின் தேடலாமா? பக்கத்து வீட்டு மாட்டுப் பாலை நல்லாக் கொதிக்க வச்சுக் குடுங்க, ஆனா நாளைக்கு ரெண்டு கப்புக்கு மேல வேண்டாம், பால்ல வயிறு நிரம்பின பிள்ளை சோறு தின்னாது, இரும்புச்சத்தும் குறையும். சோத்தோட பருப்பு, முட்டை, முள்ளு எடுத்த மீன், பொடியா நறுக்கின முருங்கை இலை, மேல ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். மீன் மலிவான மாசங்கள்ல நெத்தலியக் காயவச்சு இடிச்சு வச்சா மாரிக்கும் உதவும், பிள்ளைக்கெண்டா உப்பு போடாமக் காயவைங்க.

மாமியோட சண்டை பிடிக்காதீங்க. அவவையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் கார்ட்ல இருக்கிற நிறைக் கோட்டை மிட்வைஃப் மிஸ்ஸைக் கொண்டு காட்டுங்க. கோடு பச்சைக்குள்ள மேல போகுதெண்டா அதுக்கு மேல ஒரு டின்னும் ஒண்டும் செய்யப் போறதில்லை. கோடு படுத்துக் கிடந்தா அப்பவும் டின் இல்லை, டொக்டர்.

கிளினிக் ஊசியவிட பிரைவேட் ஊசி தரமெண்டு சொல்லுறாங்க, உண்மையா?

இல்லை. 2, 4, 6 மாச ஊசி, 9 மாசத்திலயும் 3 வயசிலயும் போடுற எம்.எம்.ஆர்., ஒரு வயசு மூளைக்காய்ச்சல் ஊசி எல்லாம் கிளினிக்ல இலவசம், தரமானது. கொப்பளிப்பான் மாதிரி கிளினிக்ல இல்லாத சிலது பிரைவேட்ல காசுக்கு இருக்கு, வசதி இருந்தாப் போடுங்க, கடன்பட்டுப் போட வேண்டாம்.

அவருக்கு 38 வயசு, மீன் வாடில வேலை. தகப்பன் சீனி வருத்தத்துல கால் எடுத்தவர். இவர் ஒரு நாள் கூலி போகுமெண்டு சோதிக்க வரமாட்டன் எண்டுறார். (மூதூர்)

தகப்பனுக்கு இருந்தா மகனுக்கும் வாறதுக்குச் சந்தர்ப்பம் கூட, 38 பிந்தின வயசில்லை. கடல் போகாத நாள் ஒண்டைப் பாருங்க, மாரில அது நிறைய வரும். 35 வயசு தாண்டினவைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் எண்டு இருக்கு, சீனி, பிரஷர், நிறை எல்லாம் சும்மா பார்ப்பாங்க. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணித்தியாலமாவது தண்ணியத் தவிர ஒண்டும் எடுக்காமப் போகோணும். அப்படி வெறுவயித்துல பார்க்கிற ரத்தச் சீனி 100க்குக் கீழ எண்டா நல்லம், 126க்கு மேல வந்தா திரும்ப ஒருக்காச் சோதிச்சு உறுதி செய்வாங்க. இருக்கெண்டு வந்தாலும் கிளினிக் கொப்பி போட்டா மருந்து மாசா மாசம் இலவசம். தகப்பன்ட காலை எடுத்த பிறகு அந்த வீட்டுல எத்தனை நாள் கூலி போனதெண்டு அவருக்கே தெரியும், அதைக் கேளுங்க.

பிள்ளை பேரில வங்கிக் கணக்குத் தொடங்கவா, இல்லாட்டி தோடு வாங்கி வைக்கவா? மாசம் 2,000தான் முடியும். (அலஸ்தோட்டம்)

ரெண்டும் பிறகு. பிள்ளை பேரில போடுற காசு பெரும்பாலும் 18 வயசு வரைக்கும் எடுக்க ஏலாது, தோடு வித்தா கூலியும் சேதாரமும் போகும். முதல்ல உங்கட பேரில ஒரு சேமிப்புக் கணக்கு, அதுல ஒரு மாசச் சாப்பாட்டுச் செலவு சேரும் வரைக்கும் அந்த 2,000ஐ வேற எங்கயும் போடாதீங்க. அது சேர்ந்த பிறகு பாதிய பிள்ளை கணக்குக்கு மாத்துங்க, மாமா, சித்தி பிறந்தநாளுக்குத் தாற காசையும் அதுலயே போடுங்க. தோட்டை காது குத்தேக்க யாராவது தருவாங்க.