புல்தரையில் பாசி: மான்செஸ்டர் தம்பிக்கு

தம்பி, மான்செஸ்டரில் புது வீடு வாங்கி முதல் குளிர்காலம் முடிந்திருக்கிறது. பின்பக்கப் புல்தரையில் கால் வைத்தால் சளக்கென்று தண்ணீர் வருகிறது, கடையில் வாங்கிய மருந்துக்குக் கறுத்துப்போன பாசி (மாஸ்) மறுபடி வந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

மருந்தில் குறை இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் அயர்ன் சல்பேட். இருக்கிற பாசியை அது கொல்லும், அவ்வளவுதான். பாசிக்கு வேர் கிடையாது; மேலாக ஈரமும் கொஞ்சம் நிழலும் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். புல்லின் வேருக்கோ மண்ணுக்குள் காற்று வேண்டும்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை; மான்செஸ்டரில் அவ்வளவு கிடையாது. ஆனால் சென்னையில் கொட்டித் தீர்த்தபின் வெயில் காய்ச்சிவிடும். இங்கே தூறிக்கொண்டே இருப்பதால் அக்டோபரில் நனைந்த மண் மார்ச் வரை காய்வதில்லை. அதிலும் புது வீடுகளில், கட்டட வண்டிகள் ஓடி இறுகிய களிமண்மேல் மெல்லிசாக மேல்மண் தூவிப் புல்லைப் பாய்போல் விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டிப் பாருங்கள். மண் சாம்பல் நிறத்தில், முகர்ந்தால் அழுகல் வாடையோடு இருந்தால் தண்ணீர் இறங்க வழியில்லை என்று அர்த்தம்.

இப்போதைக்கு மறுபடி மருந்து போட்டு, பாசி நன்றாகக் கறுத்த பிறகு வாரி எடுங்கள். உயிரோடு வாரினால் சிதறிப் பரவும். மருந்து நடைபாதைக் கல்லில் பட்டால் துருக்கறை விழும், லேசில் போகாது. புல்லை ஒட்ட வெட்டாதீர்கள்; 4 செ.மீ. நிற்கட்டும். சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது வருவார்கள். மண் அதிகப் புளிப்பு (அமிலத்தன்மை) என்று பரிசோதனையில் தெரிந்தால் ஒழிய வேண்டாம்.

உண்மையான வேலை செப்டம்பரில். மண்ணில் சூடு இருக்கும், மழையும் தொடங்கும். சாதாரண ஃபோர்க்கால் குத்தினாலும் பயன் உண்டு, ஆனால் களிமண்ணில் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும். மண்ணைக் குச்சி குச்சியாக வெளியே எடுத்துப்போடும் ஹாலோ டைன் கருவி வாடகைக்குக் கிடைக்கும், அதுதான் சரி. சுமார் 10 செ.மீ. ஆழத் துளைகள், நெருக்கமாக. அவற்றில் ஷார்ப் சாண்ட் என்னும் பருமணலைப் பெருக்கித் தள்ளுங்கள் (பூச்சு வேலைக்கு வாங்கும் நைஸ் மணல் ஆகாது). மேலே நிழல் தாங்கும் புல் விதை. வெயிலே படாத வேலியோரத்தில் மட்டும் நான் புல்லை விட்டுவிட்டு ஃபெர்ன் வைத்துவிட்டேன், நிம்மதி.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உங்கள் வீட்டுக்கு என்ஹெச்பிசி (இங்கே புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் அமைப்பு) வாரண்டி இருக்கிறதா பாருங்கள். வீட்டை ஒட்டிய 3 மீட்டருக்குள் தண்ணீர் தேங்காதபடி தோட்ட நிலத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று அவர்கள் விதிமுறையில் இருக்கிறது. முதல் 2 ஆண்டுகள் பில்டர் பொறுப்பு. தண்ணீர் நிற்கும்போதே படமெடுத்து, எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஃபோனில் சொன்னால் காரியம் நடக்காது.